ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

2003ஆம் ஆண்டு ஜனவரி 12, ஞாயிறு. காலை எட்டு மணி ஐம்பது நிமிடம். பனி முழுவதும் விலகவில்லை. வாசல் சுவரில் நான் மாட்டி வைத்திருந்த வெப்பமானி பதினாறு டிகிரி காட்டியது. இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு மல்லேஸ்வரத்து வீட்டுப் படியேறினேன். மொத்தம் பதினேழு படிகள். பன்னிரண்டாவது படியிலேயே வயிறு முறுக்கத் தொடங்கிவிட்டது.

உள்ளே என் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்துத் தங்கைக்குப் பொங்கல் வரிசை கொண்டு வந்திருந்தார். கரும்பு இரண்டு, மஞ்சள் கொத்து ஒன்று, புது அரிசி ஐந்து கிலோ, வெல்லம், ஒரு பித்தளைப் பானை. கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் ஒரு பொங்கலுக்கும் அவர் வராமல் இருந்ததில்லை.

"என்ன மாப்ளே, ஆளே ஈர்க்குச்சி ஆயிட்டீங்க? போலீஸ் கீலீஸ் தொரத்துச்சா?" என்றார்.

கழிவறைக்குப் போய்ப் பதினான்கு நிமிடம் கழித்து வந்தேன். வந்தவன், அலமாரியிலிருந்து என் நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். அதற்கப்புறம் நான் சொன்னதை எழுதுவதற்கு முன்னால், அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பொம்மசந்திராவில் பம்பு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வந்ததை எண்ணுவது, கழிந்ததை எண்ணுவது, ஏன் கழிந்தது என்று எழுதுவது, இதுதான் இருபத்தாறு வருஷ வேலை. காலை நாலே காலுக்கு எழுந்து ஏரிக்கரையில் ஓடுவேன். ஒரு சுற்றுக்கு என் கணக்கில் 2,140 காலடி. ஆறு இருபதுக்குக் கம்பெனி பஸ். ஓசூர் ரோட்டில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றே முக்கால். மே மாதம் நடக்கவிருந்த ஒரு ஓட்டத்தில் நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓடி முடித்துவிட வேண்டும் என்பது ஆசை. ஏன் அப்படி ஒரு ஆசை என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஓய்வு பெறுவதற்குள் எண்ணுவதற்கு உருப்படியாக ஏதாவது வேண்டும் என்று நினைத்திருப்பேன்.

இதற்கு நடுவில்தான் அந்த நோய். 2000 நவம்பரில் கண்டுபிடித்தார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், என் சிறுகுடலுக்குக் கோதுமை ஆகாது என்றார். "கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் கூடாது. கொஞ்சம் கூடன்னு கேக்காதீங்க. துளி கூடக் கூடாது." சப்பாத்தி, உப்புமா, ரவா இட்லி, பிஸ்கட் எல்லாம் அன்றோடு போயின. தொழிற்சாலை கேன்டீனில் செவ்வாயும் வெள்ளியும் சப்பாத்தியும் சாகு என்கிற காய்க்குருமாவும். மற்றவர்கள் அதைச் சாப்பிட, நான் தயிர்சாத டப்பாவைத் திறப்பேன். "என்ன சார், ஓடுறது குதிர மாதிரி, சாப்பாடு கொழந்த மாதிரி" என்பார்கள். அது பெரிதாகப் படவில்லை.

பெரிதாகப் பட்டது வேறு. கோதுமையை விட்டபின் வயிறு முக்கால்வாசி சரியானது. பாக்கிக் கால்வாசி அப்படியே நின்றது. ஓட்டத்தைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடியது. தரப் பரிசோதகன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, தினமும் வலிக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டேன். பதினோரு வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது. திங்கள் முதல் சனி வரை இரண்டு, மூன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு, எட்டு.

ஞாயிற்றுக்கு முந்தின நாள் சனி. சனிக்கிழமை வீட்டில் என்ன நடக்கிறது? என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவளுக்குச் சர்க்கரை. ராத்திரி சோறு வேண்டாம், இரண்டு சப்பாத்தி சாப்பிடுங்கள் என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருந்தார். எனக்காகத் தனித் தோசைக்கல், தனிக் கரண்டி, தனி அடுப்பு என்று பிரித்துத்தான் செய்தாள். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டு வரும்போது மில்லில் கோதுமை அரைத்து வந்து சமையலறையில் சலிப்பாள். மாவு பறக்கும். அந்தத் தூசி என் பாத்திரத்தில் விழுகிறது, மறுநாள் வலிக்கிறது. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

அந்தக் கணக்கைத்தான் அவளுடைய அண்ணன் முன்னால் விரித்தேன். பதினோரு ஞாயிறையும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன்.

"இது என்ன மாப்ளே, மார்க் ஷீட்டா?"

"உங்க தங்கச்சிக்கு நான் போட்ட மார்க்கு. பாத்துக்குங்க. என் வீட்டுக்குள்ளயே எனக்கு வெஷம் வெக்கிறா."

அவர் சிரிப்பதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. சமையலறை வாசலில் அவள் காபி டம்ளர்களோடு நின்றிருந்தாள். "என்னங்க, அண்ணன் முன்னாடி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள். மாவு டின், சப்பாத்திக் கல், பலகை, குழவி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவிடம் கொடுத்தாள். "எடுத்துக்கம்மா. எங்களுக்கு ஆகல."

அவளுடைய அண்ணன் இரண்டு நாள் தங்குவதாக வந்தவர். பதினோரு மணிக்கே கிளம்பிவிட்டார். போகும்போது என்னிடம், "ஒடம்பப் பாத்துக்குங்க மாப்ளே" என்றார். தங்கை தலையில் ஒரு நிமிடம் கையை வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் கோதுமை இல்லை. அடுத்த ஞாயிறு வலி எட்டு. அதற்கடுத்த ஞாயிறு எட்டு. நான் நியாயமான ஆளாக இருந்திருந்தால் அப்போதே நோட்டைக் கிழித்திருக்க வேண்டும். நானோ, அவள் பள்ளிக்கூடத்தில் யாரோடோ சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு அதே கையோடு வருகிறாள் என்று முடிவு செய்தேன். வீட்டுக்குள் வந்ததும் முழங்கை வரை கழுவி, புடவை மாற்றிவிட்டுத்தான் சமையலறைக்குள் போக வேண்டும் என்றேன். "சரிங்க" என்றாள். தினமும் செய்தாள். நான் ஹாலில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து, குழாய்ச் சத்தம் எத்தனை விநாடி கேட்கிறது என்று எண்ணினேன்.

பிப்ரவரி 16. அதுவும் ஞாயிறு. ஓடப் போவதற்கு முன் என் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். கடைப் பானங்களில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் நானே ஒன்று கண்டுபிடித்திருந்தேன். நீர் மோர், உப்பு, இஞ்சிச் சாறு, தாராளமாகப் பெருங்காயம். வயிற்றுக்குப் பெருங்காயத்தைப் போல ஒன்று கிடையாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பாடம். வார நாட்களில் குட்டி ஓட்டம், அரை பாட்டில். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், மூன்று பாட்டில். வந்தபிறகு வலித்தால் இன்னொரு டம்ளர் மோரில் இன்னும் ஒரு சிட்டிகை. வீட்டில் எல்லாச் சாமான்களும் அவள் வாங்குவாள். பெருங்காயம் மட்டும் எட்டாவது கிராஸ் தெருக் கடையில் நான் வாங்குவது. அவளுக்கு நல்லது பார்த்து வாங்கத் தெரியாது என்பது என் எண்ணம்.

அன்று புது டப்பாவைத் திறக்கும்போது ஒன்று உறைத்தது. முன்பெல்லாம் ஒரு டப்பா ஒரு மாதம் வரும். இப்போது பன்னிரண்டு நாளில் தீர்கிறது. எடை குறைத்துவிட்டானோ என்ற சந்தேகத்தில், வார்ப்பில் விரிசல் பார்க்கத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து, டப்பாவின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். எடை சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, என்னென்ன சேர்ந்தது என்று மூன்று பொருட்கள் போட்டிருந்தது. பெருங்காயம் ஒன்று. பிசின் ஒன்று. மூன்றாவது, கோதுமை மாவு.

மூன்று முறை படித்தேன். வீட்டில் அரிசி மாவுப் பொட்டலம், அப்பளக் கட்டு, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் படித்தவன் நான். இதைப் படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மருந்தை யார் சந்தேகப்படுவார்கள்?

அவள் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து அடி தூரம். போய் எழுப்பியிருக்கலாம். நான் டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் ஏரிக்கரைக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன். மத்தியானம், "இந்தப் பெருங்காய வாசன எனக்கு ஒத்துக்கல. இனிமே சாம்பார்ல கூட வேணாம்" என்றேன். "சரிங்க" என்றாள்.

பத்தொன்பது நாளில் வயிறு முழுவதும் சரியாகிவிட்டது. நோட்டில் வரிசையாகச் சைபர். ஒரு நாள் சாப்பாடு போடும்போது அவளே கவனித்துச் சொன்னாள்:

"பாத்தீங்களா, இப்பல்லாம் வலின்னு சொல்றதே இல்ல. வீட்ல கோதும இல்லாம போயிதான் கொஞ்சங் கொஞ்சமா சரியாயிருக்கு. நான்தான் புத்தியில்லாம, எனக்கு ரெண்டு சப்பாத்தி வேணும்னு உங்களப் படுத்தி வெச்சிட்டேன்."

அவள் முகத்தில் குறை இல்லை. உண்மையாகவே சந்தோஷம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ம்" என்றேன். அந்த ஓர் எழுத்துக்கு நிகராக வெட்கப்பட வேண்டிய வேறொன்றை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. 'வெஷம்' என்றது கோபத்தில், அறியாமையில். இது நல்ல நிதானத்தில், எல்லாம் தெரிந்து.

மே 18, ஞாயிறு, நாற்பத்திரண்டு கிலோமீட்டரை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் முடித்தேன். கழுத்தில் ஒரு பதக்கம் போட்டார்கள். முடிவுக் கோட்டில் அவள் குடையும் உரித்த ஆரஞ்சுமாக நின்றிருந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு அம்மாளிடம், "இவருக்குச் சாப்பாட்டுல ரொம்பக் கட்டுப்பாடுங்க. கோதும வாசனயே ஆகாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

மறுநாள் திங்கள் லீவு போட்டிருந்தேன். தொடை இரண்டும் கல்லாக இருந்தன. அவளுக்குக் கோடை விடுமுறை, மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பதக்கத்தை ஹாலில் காலண்டர் ஆணியில் மாட்டலாம் என்று காலண்டரைக் கழற்றினேன். அதன் பின்னால் குண்டூசியில் குத்தி மூன்று சீட்டுகள். ரத்தப் பரிசோதனைக் கடையின் சீட்டுகள். வெறும் வயிற்றில் சர்க்கரை. ஜனவரியில் 138. மார்ச்சில் 171. மே முதல் வாரத்தில் 214.

நாலு மாதமாக ராத்திரி அவள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேழ்வரகுக் களி கிண்டினால் எனக்குப் பிடிக்காது, தனியாக எதுக்கு என்று விட்டிருந்தாள். என் அடிகளை, என் விநாடிகளை, அவள் கை கழுவிய விநாடிகளைக் கூட எண்ணினவன் நான். இந்த மூன்று எண்கள் என் தலைக்கு நேராக ஆணியில் தொங்கியிருக்கின்றன.

அவள் பையோடு உள்ளே வந்தாள். கையில் சீட்டுகளோடு நின்ற என்னைப் பார்த்து, "அது ஒண்ணுமில்லங்க, மாத்திர கூட்டியிருக்காரு. உங்க ஓட்டம் முடியட்டும்னுதான் சொல்லல" என்றாள்.

பதக்கத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னேன். டப்பா, பூதக்கண்ணாடி, குப்பைத் தொட்டி, அப்புறம் அந்த 'ம்'. எத்தனை நாள் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு நாள்.

அவள் காய்ப்பையைக் கீழே வைக்கவே இல்லை. "பெருங்காயமா?" என்றாள். சிரிக்கப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் தெனம் வந்ததும் பொடவ மாத்திட்டு சமயக்கட்டுக்குள்ள போனேனே."

"ஆமா."

"பசங்க நோட்டு திருத்தின கையைக் கூட, சோப்பு போட்டு, ரெண்டு தரம்."

"ஆமா."

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. எங்கண்ணனுக்கு யாரு சொல்றது? அவர் ஊருக்குப் போயி இன்னிக்கு வரைக்கும் எனக்கு போன் பண்ணல. தங்கச்சி வீட்டுக்கு இனிமே எந்த மொகத்தோட வர்றதுன்னு இருப்பாரு."

வீட்டு போனில் வெளியூர் பேச வசதி கிடையாது. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். பதினேழு படிகளையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்க வேண்டியிருந்தது. அவளும் கூட வந்தாள். பூத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள்.

"யாரு, மாப்ளயா?" குரல் இறுகியிருந்தது. "பாப்பாக்கு ஒண்ணுமில்லயே?" தங்கையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"இல்ல மச்சான். நல்லா இருக்கா."

அதற்குமேல் வாய் வரவில்லை. கண்ணுக்கு நேரே மீட்டரில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டிருந்தன. பேச்சுக்கும் மௌனத்துக்கும் அது ஒரே மாதிரிதான் ஓடியது.

"மாப்ளே? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அன்னிக்கு நான் சொன்னது... வெஷம்னு சொன்னேனே. அவ வெக்கல. நான் வாங்கிட்டு வந்த பெருங்காயத்துல கோதும மாவு இருந்துச்சு. என் கையால நானே கலந்து குடிச்சிருக்கேன். தெரிஞ்சு மூணு மாசமாச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

பிறகு அவர், "எங்கிட்ட எதுக்கு மாப்ளே சொல்றீங்க. அவகிட்ட குடுங்க போன" என்றார். கதவைத் திறந்து ரிசீவரை அவளிடம் கொடுத்தேன். "அண்ணே" என்றவள், மேலே பேசாமல் அழுதாள். நான் வெளியே நின்று முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் வெளியே வந்ததும் பூத்காரர் மெஷினிலிருந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஏழு நிமிடம் ஐம்பது விநாடி. அதில் நான் வாய் திறக்காமல் நின்றது எவ்வளவு என்று சீட்டில் இல்லை. பணத்தை எண்ணி வைத்தேன். முப்பத்தோரு ரூபாய் இருபது காசு.