பத்தாம் இலக்கத்தில் என் தம்பி

கித்துல்கலவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். நான் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். தம்பி மட்டும் டவுனில் சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். ரக்பி பழகியது அங்கேதான். பத்தொன்பது வயதில் கொழும்பு கிளப் ஒன்று அவனைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது.

"பந்து வெளாடவா மாசச் சம்பளம் குடுக்குறாங்க?" என்று அம்மா நம்பாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் இரண்டு ஆட்டங்களில் அவனை வெளியே உட்கார வைத்தார்கள். மூன்றாவதில் பத்தாம் இலக்கச் சட்டை போட்டு ஆட்டத்தை நடத்துகிறவருக்குத் தோள் விலகிவிட, தம்பியை இறக்கினார்கள். பிறகு அந்த இடத்தை அவன் யாருக்கும் விடவில்லை. சிங்களப் பேப்பரில் படம் வந்தது. தோட்டத்துக் கடை முதலாளி அதை வெட்டிச் சுவரில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அப்பாவும் நானும் போனோம். அம்மா வரவில்லை. "அவன் விழுறத நா பாக்க மாட்டேன்."

மைதானத்தில் எனக்கு முதலில் புரிந்தது ஒன்றுதான். மற்றவர்கள் முட்டி மோதினார்கள், தம்பி கொஞ்சம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பந்து வந்ததும் யாருக்குக் கொடுப்பது, எந்தப் பக்கம் போவது என்று அவன்தான் முடிவெடுத்தான். வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவன். இங்கே சிங்களத்தில் ஓங்கிக் கத்தினான். அவனைவிட இரண்டு மடங்கு பெரிய ஆட்கள் சொன்ன இடத்துக்கு ஓடினார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா பாப்பா, இவன் சொல்றத அவங்க கேக்குறாங்க?"

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. எங்கள் பக்கம் நான்கு புள்ளி பின்னால். பந்து தம்பி கைக்கு வந்தது. எதிராளிகள் மூன்று பேர் அவனை நோக்கிப் பாய்ந்தார்கள். அவன் ஓடவில்லை. தலையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, மைதானத்தின் அந்தக் கோடிக்குப் பந்தை உயர உதைத்தான். மறு நொடி மூன்று பேரும் அவனைச் சாய்த்தார்கள்.

"ஐயோ, ஆளே இல்லாத பக்கமா அடிச்சிட்டானே!" என்று அப்பா எழுந்துவிட்டார்.

உண்மையில் அங்கே ஒருவரும் இல்லை. பந்து மேலே போய், திரும்பி, இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் எங்கள் ஆள் ஒருவர் ஓரக்கோட்டை ஒட்டிப் பறந்து வருவதைப் பார்த்தேன். பந்தும் அவர் கைகளும் ஒரே நேரத்தில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன. பிடித்த வேகத்திலேயே கோட்டைத் தாண்டி விழுந்தார். ஐந்து புள்ளி; ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டோம்.

பக்கத்திலிருந்த சிங்களப் பெரியவர் "அம்மோ!" என்று தலையில் கை வைத்தார். அந்த ஆள் அங்கே வருவார் என்று, வருவதற்கு முன்பே தம்பிக்கு எப்படித் தெரிந்தது?

ஆட்டம் முடிந்ததும் அணித்தலைவர் சேறு பூசிய உடம்போடு வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்கள் மகன் இல்லாமல் இந்த வருடம் நாங்கள் இல்லை" என்று சிங்களத்தில் சொன்னார். முப்பது வருடம் தோட்டத் துரைமார் முன்னால் தலை குனிந்து நின்ற அப்பா, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த பருவம் தம்பியை உபதலைவராக்கினார்கள். அது முடிவதற்குள், தேசிய அணியின் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இங்கேயே பிறந்தும் இத்தனை காலம் எந்த நாட்டுக்காரியாகவும் இல்லாத அம்மாவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சிங்களத்தில் இருந்த கடிதத்தை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்.

"எந்த நாட்டுக்கு வெளாடக் கூப்புடுறாங்க?"

"நம்ம நாட்டுக்குத்தாம்மா."

கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.