ஆர்வெல்லா வாயை மூடிய ஆறு நிமிடம்

என் தங்கை ஆர்வெல்லா பிறந்தபோது எனக்கு ஆறு வயது. ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்த எங்கள் அப்பா, மூன்றாவது மாடியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டே, "பொறந்துட்டா. நல்லாத்தான் இருக்கா" என்று சொன்னாராம். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பாமல் இருந்ததில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஓஹியோவில் ஏரியை ஒட்டிய எங்கள் ஊரின் ஆஸ்பத்திரியில், துணி துவைக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே பத்து மெஷின் ஒரே நேரத்தில் ஓடும். மற்றவர்கள் கைஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள். அவள் சாதாரணமாகப் பேசுவாள், எல்லோருக்கும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டாவது வரிசை அவளுடையது. எங்கள் சர்ச்சில் ஒருவர் பேச மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற வழக்கம் இல்லை. பாஸ்டர் ஒரு வரி விடுவார், நாங்கள் பதில் கொடுப்போம், அந்தப் பதிலில் கால் வைத்து அவர் அடுத்த வரிக்கு ஏறுவார். ஆர்வெல்லா கொடுக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான். "நிதானமா சொல்லுங்க பாஸ்டர்!" கேட்பதற்கு மெதுவாகப் போகச் சொல்கிற மாதிரி இருக்கும். விடாதீர்கள், இன்னும் ஏற்றுங்கள் என்று அதற்கு அர்த்தம். ஒரு தடவை அவள் தொண்டை கட்டிப் படுத்துவிட்டாள். அன்றைக்குப் பாஸ்டர் பதினைந்து நிமிடத்தில் பிரசங்கத்தை முடித்துவிட்டு இறங்கினார். "இன்னிக்கு வண்டி ஸ்டார்ட்டே ஆகல டெல்ராய்" என்றார் என்னிடம். ரோட்டில் நின்றுபோன கார்களை இழுத்துப் போகும் லாரி ஓட்டுகிறவன் நான். அதனால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

நான் சர்ச்சில் வாயே திறப்பதில்லை. கடைசி வரிசையில் உட்காருவேன், முடிந்ததும் கிளம்புவேன். எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய சத்தத்தை அவள் ஒருத்தியே போட்டுவிடுவாள்.

இந்தச் சத்தத்தால் அவளுக்கு வந்த வம்பும் உண்டு. அவள் மூத்த மகன் பள்ளிப்படிப்பு முடித்துப் பட்டம் வாங்கிய அன்று, எல்லாப் பெயரையும் வாசித்து முடிக்கும்வரை யாரும் கைதட்டக் கூடாது என்று மேடையில் மூன்று தடவை சொன்னார்கள். இவள் கைதட்டவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று, "அது என் புள்ளடா!" என்று கத்தினாள். காவலாளி வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். பையன் பட்டத்தோடு வந்து பார்க்கிறான், அம்மா கார் நிறுத்துமிடத்தில் நின்று அந்தக் காவலாளிக்கே அவன் சின்ன வயசுப் போட்டோவைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

கடைக்குட்டி கெசியாவுக்குப் பதினேழு வயது. அம்மாவின் குரலும் அப்பாவின் மூளையும் அவளுக்கு வந்திருக்கிறது. வசந்தகாலம் வந்தால் எங்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு போட்டி நடக்கும். உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்கள் மட்டும்தான். விஞ்ஞானம், கவிதை, ஓவியம், நடனம், சங்கீதம், பேச்சு எல்லாம் உண்டு. ஓட்டப்பந்தயம் மாதிரி முந்தி வந்தவனுக்குத் தங்கம் என்று கொடுத்துவிட மாட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும். யாருமே எடுக்கவில்லையென்றால் அந்தப் பிரிவில் அந்த வருடம் தங்கமே கிடையாது. தங்கம் வாங்கினால்தான் ஜூலையில் தேசியப் போட்டிக்குப் போக முடியும்.

போன வருடம் கெசியா பேச்சில் தொண்ணூற்றிரண்டு எடுத்தாள். பேசும்போது சபையிலிருந்து சத்தம் வந்தால் மூன்று மதிப்பெண் கழிப்பார்கள். கழித்தார்கள். எண்பத்தொன்பது, வெள்ளி. சத்தம் யாருடையது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

இந்த வருடம் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் கல்லூரிக்குப் போய்விடுவாள். போட்டிக்கு முந்தின வாரம் ஆர்வெல்லா வீட்டுச் சமையலறையில் நான் மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தபோது பேச்சு ஆரம்பித்தது.

"அம்மா, இந்த தடவ நீ வராத" என்றாள் கெசியா.

"என்னடீ சொல்ற? நான் இல்லாம நீ எங்கடீ பேசுவ?"

"நீ இருந்தாத்தான் பேச முடியல. மூணு மார்க்கு போச்சு."

"ஒரே ஒரு வார்த்தைதானே சொன்னேன்!"

"பார்க்கிங்ல இருந்தவங்க உள்ள வந்து என்னாச்சுன்னு கேட்டாங்கம்மா."

எனக்குச் சிரிப்பு வந்து மீன்முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஆர்வெல்லா என் முதுகில் ஒரு அறை விட்டாள். "நீ சிரிக்காத அண்ணே! இவ பேசறது ஆறு நிமிஷம்தானே? என்னால வாய மூட முடியாதா?"

நானும் கெசியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மாமா பக்கத்துல உக்காரட்டும்" என்றாள் கெசியா. "அவர்தான் எங்கயுமே பேசறதில்ல. அம்மா வாயத் தொறந்தா பொத்திடுங்க மாமா."

"கடிச்சா?"

"கடிச்சாலும் எடுக்காதீங்க."

புதன்கிழமை சர்ச்சுக்குக் கீழே இருக்கும் கூடத்தில் ஒத்திகை பார்த்தார்கள். காலை ஐந்து மணிக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்பதைப் பற்றித்தான் பேச்சு. "பஸ் வரவில்லை" என்ற வரி திரும்பத் திரும்ப வரும். அதைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவாள். கூடத்தில் இருந்த முப்பது பேரும், "வரவே இல்ல!" என்று பதில் கொடுத்தார்கள். அவள் அதன்மேல் ஏறி ஏறிப் போனாள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பத்து நிமிடம் ஆனது. "பதில எடுத்துட்டா சரியா ஆறு நிமிஷம்" என்று கணக்குப் போட்டாள் கெசியா. பதில் இல்லாமல் ஒரு தடவை பேசிப் பார் என்று சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை, கல்லூரி அரங்கம். நடைபாதை முழுக்க எங்கள் பிள்ளைகள். ஒருவன் தானே செய்த இயந்திரக் கையை வைத்து முட்டையை உடையாமல் தூக்கிக் காட்டினான். ஒரு பெண் சுவரைப் பார்த்து நின்று கவிதையை முணுமுணுத்தாள். எங்கிருந்தோ வயலின் கேட்டது. ஆர்வெல்லா ஒவ்வொருவரிடமும் நின்று, "எப்படிடா செஞ்ச? உங்கம்மா எங்க? அவள நான் கட்டிப்புடிக்கணும்" என்றாள். ஆறு நிமிடத்துக்கு மூட வேண்டிய வாய்க்கு முன்கூட்டியே வேலை கொடுத்துத் தீர்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டியை நடத்துவது கோல்க்விட் டீச்சர். முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மேடையில் நின்று விதியைச் சொன்னார். சத்தம் கூடாது, கைதட்டல் கூடாது, மூன்று மதிப்பெண் கழிவு. சொன்னபோது அரங்கம் முழுவதையும் பார்க்கவில்லை. நேராக எங்கள் வரிசையைத்தான் பார்த்தார்.

ஆர்வெல்லா கைப்பையிலிருந்து மூன்று பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டாள். "வாய்க்கு அடப்பு" என்றாள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் அவள் வாய்மேல் கையை வைத்தேன். கெசியா மேடையேறினாள்.

"காலை ஐந்து மணி. என் அம்மா நிற்கிறாள். பனி பெய்கிறது. பஸ் வரவில்லை."

நிறுத்தினாள். அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ஐந்தேகால். அவளோடு இன்னும் நான்கு பெண்கள். உங்கள் படுக்கை விரிப்பைத் துவைக்கிறவர்கள். உங்கள் அப்பாவைக் குளிப்பாட்டுகிறவர்கள். பஸ் வரவில்லை."

மறுபடியும் நிறுத்தினாள். மறுபடியும் ஒன்றும் இல்லை. அவள் கண் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தது. ஒத்திகையில் அந்த இடத்தில் முப்பது குரல் தூக்கிவிட்டது. இங்கே காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை பிள்ளைக்கு.

"ஐந்தரை மணி..." என்றாள். நின்றுவிட்டாள். அடுத்த வரி வரவில்லை. இரண்டு நொடி. ஐந்து நொடி. நேரம் பார்க்கிறவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

என் கைக்குள் பெப்பர்மின்ட் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஆர்வெல்லாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை. நான் இன்னும் அழுத்திப் பொத்தினேன். மேடையில் கெசியாவின் கீழுதடு துடிப்பதைப் பார்த்தேன்.

"நிதானமா சொல்லு தாயி!"

அரங்கம் அதிர்ந்தது. என் கை நழுவிவிட்டது, போச்சு என்று பதறிப்போய்த் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். என் கை அவள் வாய்மேல் அப்படியே இருந்தது. கைக்கு மேலே அவள் இரண்டு கண்ணும் என்னையே வெறித்துக்கொண்டிருந்தன. கத்தியது நான்.

கெசியா தலையைத் தூக்கினாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நிதானமாகத்தான் சொல்கிறேன்" என்றாள் மேடையிலிருந்தே. "என் அம்மாவும் நிதானமாகத்தான் நிற்கிறாள். இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். இந்த ஊரில் அவளைவிட நிதானமானவர் யாராவது உண்டா?"

அது எழுதிவைத்த வரியே இல்லை. அப்புறம் பிடித்தாள் பாருங்கள், எந்த இடத்திலும் நிற்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் தானே பதில் சொல்லிக்கொண்டு அதன்மேல் தானே ஏறினாள். நேரம் முடிந்தது என்று காட்டும் சிவப்பு அட்டையைத் தூக்க, நேரம் பார்க்கிறவர் கை போகும்போது கடைசிச் சொல்லை வைத்தாள். நான் நாற்காலியில் சுருண்டு கிடந்தேன். மூன்று மதிப்பெண். பிள்ளையின் கடைசி வாய்ப்பு. ஆர்வெல்லா என்னோடு பேசவில்லை. அவள் என்னோடு பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் கோல்க்விட் டீச்சர் முடிவு வாசித்தார். பேச்சுப் பிரிவு வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கெசியா. நடுவர்கள் கொடுத்தது தொண்ணூற்று நாலு. சபையில சத்தம் வந்ததால மூணு கழிவு."

அரங்கம் முழுக்கத் திரும்பி ஆர்வெல்லாவைப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள்.

"நான் இல்ல! வாழ்க்கையில ஒரே ஒரு தடவ நான் இல்ல! இதோ இவரு! எங்கண்ணன்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாஸ்டர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். "டெல்ராயா? டெல்ராய்க்குக் குரல் இருக்கா?" என்றார்.

"உக்காரும்மா" என்றார் டீச்சர். "தொண்ணூத்து நாலுல மூணு போனா எவ்வளவுன்னு யாராவது பாத்தீங்களா? தொண்ணூத்தொண்ணு. தங்கம்."

ஆர்வெல்லா உட்காரவில்லை. "டீச்சர், இப்ப சத்தம் போடலாமா?"

கோல்க்விட் டீச்சர் பெருமூச்சு விட்டார். "போட்டுக்கோ."

போட்டாள். அதைப் பற்றி எழுதிப் பயனில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் இன்னமும் இடது காதைத் தேய்த்துக்கொண்டு திரிகிறார்.

என் லாரியில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு வீடு திரும்பினோம். நடுவில் கெசியா. பதக்கத்தைக் கழற்றவே இல்லை.

"ஜூலைல அம்மா வரலாம்" என்றாள். "மாமாதான் வரக்கூடாது."

"ஏண்டீ, நான் இல்லன்னா நீ அங்கயே நின்னுருப்ப."

"தெரியும். அதுக்காக மூணு மார்க்கு மறுபடியும் தர முடியாது."

என் உள்ளங்கையில் ஆர்வெல்லாவின் உதட்டுச் சாயம் அப்படியே பதிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"வரட்டும்டீ" என்றாள். "நான் பக்கத்துல உக்காந்து இவரு வாயப் பொத்திக்கிறேன்."