ஆற்றோரப் பள்ளிக்கூடம்

அகதிகளை விசாரிக்கும் அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் கண்ணாடியக்கா. இருபது வருடங்களுக்கு முன் ஒற்றைப் பையோடு இந்த நாட்டுக்குள் வந்தவள். ஆஸ்பத்திரியில் துணி துவைத்துக்கொண்டே இங்குள்ள மொழியைக் கற்று, தனக்குப் பின் அகதிகளாக வருகிறவர்களின் பேச்சை அதிகாரிகளுக்கு மாற்றிச் சொல்லும் வேலையில் ஒட்டிக்கொண்டாள். யாரையும் லேசில் நம்பமாட்டாள். ஊரை மாற்றிச் சொல்லி நுழையப் பார்த்தவர்களை நிறையப் பார்த்திருந்தாள்.

அன்று எதிரே உட்கார்ந்த இளைஞன் தன் ஊர் என்று சொன்னது அவளுடைய ஊரை. அவன் பார்வையும் சரியில்லை. அதிகாரியை விட்டுவிட்டு அவளையே அளந்துகொண்டிருந்தான்.

"நீங்க யாரோட ஆளு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க தம்பி" என்றாள். அதையும் அதிகாரிக்கு மாற்றிச் சொன்னாள், அலுவலக விதி அப்படி.

எங்கே படித்தாய் என்று அதிகாரி கேட்டார்.

"ஆத்தோரப் பள்ளிக்கூடத்துல. ஊருக்கே அது ஒண்ணுதான்."

அவள் பத்து வருடம் படித்த பள்ளி சந்தைக்குப் பின்னால் இருந்தது. ஆற்றோரத்தில் இருந்தது செங்கல் சூளை. வாய் கூசாமல் புளுகுகிறான் என்று நினைத்தாள்.

அவன் வெளியே போனதும் அதிகாரி பேனாவை மூடினார். "உங்க முகம் ஏன் அப்படிப் போச்சு?"

கருத்துச் சொல்வது அவள் வேலையல்ல. ஆனாலும் சொன்னாள். "அங்க பள்ளிக்கூடமே கிடையாது சார்."

அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார்.

மாலையில், வேறு நாட்டில் இருக்கும் தன் அக்காவிடம் போனில் பெருமையாகவே சொன்னாள், ஒருவன் இப்படிப் புளுகினான் என்று.

"அடி போடி" என்றாள் அக்கா. "நீ கிளம்பின மறுவருஷமே குண்டு விழுந்து பள்ளிக்கூடம் போச்சு. சூளை இருந்த இடத்துலதான் புதுசாக் கட்டினாங்க."

"நீ சொல்லவே இல்லையே."

"ஊர்ப் பேச்சே எடுக்காதேன்னு நீதானே சொன்னே."

மறுநாள் அலுவலகம் திறக்குமுன்பே போய் நின்றாள். "நேத்து நான் சொன்னது தப்பு சார். அதை அடிச்சிடுங்க."

அதிகாரி கண்களைச் சுருக்கினார். "ஒரே நாள்ல மாறிடுச்சா? அவன் உங்களுக்குச் சொந்தமா? யாராவது வந்து பார்த்தாங்களா?"

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் எப்படிக் குறுகிப்போவார்கள் என்று அன்றுதான் அவளுக்கு மறுபடி நினைவு வந்தது. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் வழக்கிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் வேறு வேலையும் வரவில்லை, பிறகு கூப்பிட்டார்கள். அவனுக்கு அனுமதி கிடைத்த செய்தியை அவளுக்குப் பதிலாகப் போனவர் வாய்தவறிச் சொன்னார்.

ஒரு நாள் பேருந்தில் எதிர் இருக்கையில் அவன் இருந்தான். அவளைக் கண்டதும் பையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"நானும் உங்க ஊர்தான் தம்பி" என்றாள்.

"தெரியும். பேச்சுலயே தெரிஞ்சுது. அதனாலதான் எந்தப் பக்கத்து ஆளோன்னு பயந்தேன்."

அடுத்த நிறுத்தத்தில் அவன் இறங்கினான். அவள் இறங்க வேண்டியதும் அங்கேதான். பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்துவிடுவானோ என்று, இன்னொரு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தாள்.