கடற்காகங்கள் வாயடைத்த காலை

கலம்பிர் வாக்கப்பட்டுப் போனது அலாகோல் ஏரிக்கரைக்கு. வீட்டெதிரே மணல்திட்டு. இளவேனில் வந்துவிட்டால் அதில் கடற்காகங்கள் முட்டையிட்டுக் கத்துகிற கத்தலில், பக்கத்திலிருப்பவர் காதுக்குள் போய்த்தான் பேச வேண்டும். மூடுபனியில் வலையெடுக்கப் போனவர்களுக்கு அந்தக் கூச்சல்தான் வழி. கூச்சலை நோக்கித் துடுப்புப் போட்டால் கரை. தவறினால் நடு ஏரி.

மருமகள் என்பவள் கணவனுக்கு மூத்தவர்கள் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. கலம்பிர் தன் மூத்தாருக்கு, அதாவது கணவனின் அண்ணனுக்கு, ‘நெட்டையர்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

“நெட்டையராம்! அவன் ஒட்டகத்துக்கே அண்ணன்டீ,” என்று மாமியார் சிரிப்பாள். “எங்க, அவன் பேரச் சொல்லு பாப்போம்.”

“நாக்கு அழுகிடும் அத்தே!”

அந்தக் கரைக்கு இன்னொரு கட்டும் உண்டு. பனிக்குள்ளிருந்து யார் கூப்பிட்டாலும், நமக்குப் பெற்றவர் வைத்த பெயரைச் சொல்லாவிட்டால் திரும்பக் கூடாது. ஏரிக்கு எல்லார் குரலும் வரும், பெயர் மட்டும் வராது என்பார்கள்.

ஒருநாள் காலை மாமியாரும் கணவனும் கல்யாண விருந்துக்குப் போயிருந்தார்கள். மூத்தார் மட்டும் படகில். பனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த கலம்பிருக்குத் திடீரென்று காது அடைத்தது போலிருந்தது. காது அடைக்கவில்லை, பறவைகள்தான் வாயை மூடிக்கொண்டன. கூட்டம் மொத்தமும் எழும்பி அவள் தலைக்கு மேலாகப் போயிற்று. சிறகுச் சத்தம் மட்டும். ஒரு தொண்டை திறக்கவில்லை. திட்டில் விட்டுப்போன குஞ்சுகள்கூட முனகவில்லை.

அவள் மாவுக் கையோடு கரைக்கு ஓடினாள். துடுப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று.

“நெட்டையரே! இந்தப் பக்கம்!”

துடுப்பு நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக விலகியது.

அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, “ஜானுசாக்!” என்று மூத்தாரின் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

வெகுநேரம் கழித்துப் படகு மணலில் முட்டியது. இறங்கிய மூத்தாரின் உதடு வெளுத்திருந்தது.

“ஏம்மா, பேரச் சொல்லி எத்தன தரம் கூப்பிட்ட?”

“ஒரு தரந்தான். மன்னிச்சுக்குங்க.”

“எனக்கு மூணு தரம் கேட்டுச்சு. மொத ரெண்டும் நடு ஏரியிலேர்ந்து. உன் குரலேதான்.”

“அப்ப எப்படி இங்க திரும்பினீங்க?”

“மூணாவது குரல் கூசுச்சும்மா. ஏரிக்குப் பேரும் வந்துடுச்சு, ஆனா கூச்சம் ஏது?”

அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை. பறவைகள் சாயங்காலமே திரும்பிவிட்டன. வந்த விருந்தாளி யாராவது, “என்ன இரைச்சல் இது, கல்லெடுத்து விரட்டக் கூடாதா?” என்று கேட்டால், கலம்பிர் தேநீரை ஊற்றியபடி சொல்வாள்:

“கத்தட்டும். அதுங்க கத்துற வரைக்கும் வேற யாரும் பேச மாட்டாங்க.”