முன்னறையில் இருந்தவள்

எண்பதுகளின் கடைசியில், வால்தம்ஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு பேய் இருந்தது. நடுச்சாமத்தில் வந்து மினக்கெடுகிற பேய் அல்ல. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா முன்னறையில் காஸ் ஹீட்டரைப் போட்ட பிறகுதான் வரும். அப்பா பெட்ரோல் ஷெட்டில் வேலை முடித்து வந்து வாசல் கதவைத் திறந்ததும் போய்விடும். அப்பாவைவிட ஒழுங்காக அது ஷிப்ட் பார்த்தது. அதனாலேயோ என்னவோ அப்பாவுக்கு அதில் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை.

அந்த மாரிகாலத்தில்தான் சித்தி எங்களிடம் வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே தங்கை, ஏழு மாதக் கர்ப்பிணி. சித்தப்பா விசா கிடைக்காமல் ஜெர்மனியில் நின்றுவிட்டார். பிள்ளையைப் பத்திரமாகப் பெற்றெடுக்க வைத்து அவர் கையில் கொடுப்பேன் என்று அம்மா தொலைபேசியில் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டிலேயே சூடான இடம் முன்னறை என்பதால் சித்தியின் கட்டில் அங்கே போடப்பட்டது.

ஆனால் அந்த அறைச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, சல்லடை மாதிரி ஒரு ஓட்டை. குளிர்காற்று அதற்குள்ளால் சித்தியின் தலைமாட்டில் நேரே இறங்கியது.

“விசரங்கள். குளிர் நாட்டில வீட்டைக் கட்டிப்போட்டு, காத்து வாறதுக்குச் சுவரில ஓட்டையும் விட்டிருக்கிறாங்கள்” என்றார் அம்மா.

பழைய நைலெக்ஸ் சேலை ஒன்றை அந்த ஓட்டைக்குள் அடைத்து அடைத்துத் திணித்தார். நான் கோதுமை மாவில் பசை காய்ச்சி, கதிரையில் ஏறி நின்று, அதன் மேல் கலண்டர் பிள்ளையாரை ஒட்டினேன். ஜன்னல் இடுக்குகளுக்குத் தமிழ்ப் பத்திரிகை போதுமாக இருந்தது. அறை அன்றே கணகணவென்று ஆனது. எட்டு வயதில் நான் செய்த முதல் பெரிய வேலை அது, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கிழமைக்குள் எல்லோருக்கும் தலையிடி வந்தது. அம்மா சாப்பிட்டதை இரண்டு தரம் சத்தி எடுத்தார். ஒரு பின்னேரம் சித்தி கட்டிலில் இருந்தபடி மெல்லச் சொன்னார்.

“அக்கா, அந்தக் கதிரையில ஒரு மனுசி இருக்கிறா.”

“ஆரடி?”

“தெரியாது. வெள்ளைக்கார மனுசி. தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறா.”

கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கிருந்து யாரோ மூச்சு விடுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஹீட்டரின் சத்தம் எனக்குத் தெரியும், அது சீறும். இது நின்று நின்று இழுத்தது. அதற்கு என்ன காரணம் என்று இன்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதை எழுதும்போது கை மயிர் எழும்பி நிற்கிறது.

இந்த வீட்டில் செத்துப்போன மனுசிதான் அது என்று அம்மா முடிவுகட்டினார். பின்னேரம் தோறும் சாம்பிராணி போட்டார். புகை வீணாகக் கூடாதென்று கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துவாயையும் வைத்தார். அந்த மனுசிக்கு அது பிடித்துப்போனது போல. “இண்டைக்கு எழும்பி நிக்கிறா” என்றார் சித்தி. அடுத்த நாள், “கட்டிலுக்குக் கிட்ட வந்திட்டா” என்று இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார். அப்பா வந்து கதவுகளைத் திறந்துகொண்டு நிற்பார், குளிர் உள்ளே அடிக்கும், கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் சுகமாகிவிடும்.

“என்னைக் கண்டாப் பேய்க்கும் பயம்” என்று அவர் சிரித்தார்.

ஹீட்டரின் நெருப்பு மஞ்சளாக எரிந்து சுவரில் கரி பிடித்ததால், அப்பா வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை, அப்பா வேலைக்குப் போன பிறகு, அதைத் திருத்த ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நெருப்பைப் பார்த்ததும் ஹீட்டரைத் திருகி நூர்த்தார். சுவரைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளையாரைக் கழற்றலாமா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கிழித்தார். பிறகு சேலையைப் பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது.

அம்மாவுக்கு அவருடைய இங்கிலீஷ் பிடிபடவில்லை. டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் வீட்டுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். அவர் என் முன்னால் குந்தி இருந்து ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இந்த ஓட்டை அடைபட்டால் ஹீட்டரில் இருந்து ஒரு நச்சுவாயு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நீங்கள் எல்லோரும் செத்திருப்பீர்கள். யார் இதை அடைத்தது? பிறகு சித்தியின் வயிற்றைப் பார்த்தார். அவரை இன்றைக்கே, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதிக்க வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்குத்தான் அதனால் அதிகம் பாதிப்பு, அம்மாவிடம் சொல்லு என்றார்.

“என்னவாம் பிள்ளை?” என்றார் அம்மா. சேலையின் ஒரு தலைப்பு அவர் கையில் இருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது. இங்கிலீஷில் அவருக்கு விழுந்த ஏச்சுகள் பலவும் அதுவரை என் வாயால்தான் விழுந்திருந்தன. ஒட்டியது நான் என்பதும் எனக்கு ஞாபகம் வந்தது.

“ஹீட்டர் பழசாம். இனிப் போட வேண்டாமாம். ஓட்டையை மூட வேண்டாமாம்.”

“வேறை?”

“வேறை ஒண்டும் இல்லை.”

சொல்லிவிட்டாயா என்று வெள்ளைக்காரர் கேட்டார். நான் தலையாட்டினேன். இனிப் போடக்கூடாதென்று ஹீட்டரில் சிவப்புத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு அவர் போனார்.

அன்று பின்னேரம் மனுசி வரவில்லை. சித்தி கோட்டும் காலுறையுமாக நிம்மதியாக நித்திரை கொண்டார். தன் சாம்பிராணி வென்றுவிட்டதென்று அம்மா நம்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளை துடிக்கவில்லை என்றார் சித்தி.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு அவரைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனார்கள். பிள்ளையின் உயிர் முந்தியே போய்விட்டதா, இல்லை அந்த மூன்று நாளில்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது. யாரிடமும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

“அந்த மனுசிதான் அக்கா, பிள்ளையைக் கொண்டுபோயிட்டா” என்றார் சித்தி.

“ஓமடி, ஓம்” என்று அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கட்டில் கால்மாட்டில் நின்ற எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெரிய ஆறுதல் வந்தது. அம்மாவை யாரும் ஏசவில்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் மறைத்தது அம்மாவுக்கு விழ இருந்த ஒரு ஏச்சை மட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.