மெல்பேர்னிலிருந்து சிட்னிக்கு ஒரு சோடி மரைக்கொம்பு

இதில் எழுதப்போவது:
1. ஏன் போனேன், எப்போது
2. உறைந்த இறைச்சியைக் கட்டிய முறை
3. விமான நிலையத்தில் கொம்புகளுக்கு நடந்தது
4. பெற்றுக்கொள்பவரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டிய அவசியம்

வேட்டைப் பொருட்களை விமானத்தில் கொண்டுபோவது பற்றித் தமிழில் ஒரு குறிப்பும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் தேடிய விதம் பிழையாகவும் இருக்கலாம்.

கடந்த யூன் மாதம், பள்ளித் தோழர் ஒருவரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்காகச் சிட்னியிலிருந்து மெல்பேர்ன் போனேன். டான்டினோங்கில் என் தம்பியின் மகள் சங்கவி வீட்டில் மூன்று இரவுகள் தங்கினேன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள், வயது முப்பத்தொன்று. வேட்டைக்குப் போகிறாள் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் முதல் நாள் காலை பின்வளவில் காஸ் அடுப்பில் ஒரு பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருக்க, அதற்கு மேலாக இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டு நின்றதைக் கண்டு இரண்டடி பின்வாங்கினேன். உள்ளே ஒரு தலை அவிந்துகொண்டிருந்தது. கதிரையைப் பிடித்து உட்கார்ந்தேன்.

"பயப்படாதேங்கோ பெரியப்பா, அது இனி முட்டாது," என்று தேத்தண்ணியை நீட்டினாள். "மரை, பெரிய மான். வன்னியில இருந்ததெண்டு அப்பா சொல்லுவாரே, அதேதான். மான்ஸ்ஃபீல்டுக்கு அங்கால மலையில சுட்டனான்."

அந்த அப்பா, அதாவது என் தம்பி, சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறான். அவள் துவக்கு அனுமதி எடுத்த நாளிலிருந்து பதினான்கு மாதங்கள் மகளுடன் பேசவில்லை. துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்த குடும்பத்தில் ஒரு துவக்கா என்பது அவன் கேள்வி.

"கொம்பையும் இறைச்சியையும் நீங்கள் கொண்டுபோய் அப்பாட்டக் குடுங்கோ," என்றாள். "நான் அனுப்பினாத் திறக்கமாட்டார். பிறந்தநாளுக்குப் போட அனுப்பின சேட்டும் திரும்பி வந்திட்டுது. இதையும் வேண்டாமெண்டால் நான் இனி அவரைக் கரைச்சல்படுத்தமாட்டன்."

எனக்கு மறுக்கத் தெரியாது. ஓம் என்றேன்.

இறைச்சி ஒன்பது கிலோ. ஒவ்வொரு கிலோவாகக் காற்று உறிஞ்சிய பையில் அடைத்து, இரண்டு நாள் கல்லாக உறையவிட்டோம். பிறகு எஸ்கி என்று இங்கே சொல்லும் குளிர்ப்பெட்டியில் இடைவெளியில்லாமல் அடுக்கி, நாலு சுற்று டேப் ஒட்டினேன். குளிர் குறையாமலிருக்க உலர்பனி (dry ice) வைப்பதென்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். ஆகவே வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை 8.10க்குச் சங்கவியின் பிக்கப் வண்டியில் புறப்பட்டு, 9.20க்கு விமான நிலையத்தை அடைந்தோம். விமானம் 11 மணிக்கு. எஸ்கியை ஒரு கேள்வியுமின்றி எடுத்துக்கொண்டார்கள். கொம்புகள் மண்டையோட்டுடன் சேர்த்து என் பழைய வேட்டியில் சுற்றியிருந்தன.

"மண்டையோடு நன்றாகக் காய்ந்துவிட்டதா?" என்று கவுண்டரிலிருந்த பெண் ஆங்கிலத்தில் கேட்டார். ஆம் என்றால் போதும். நானோ, "மூளை முழுவதும் வெளியே வந்துவிட்டதா என்பது எனக்கு நிச்சயமில்லை," என்றேன்.

பின்னால் நின்ற தாய் தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவிழ்த்துப் பார்த்தால் வேட்டியில் மஞ்சளாக ஓர் ஈரம். ஈரமான மண்டையோடு ஏறாது, கொம்பு மட்டும், சுத்தமாக, நுனிகளை மூடிக் கொண்டுவந்தால் ஏற்றலாம், கவுண்டர் 10.15க்கு மூடப்படும் என்றார் கவுண்டர்ப் பெண். அப்போது மணி 9.40.

"அப்ப அறுப்பம்," என்றாள் சங்கவி. வண்டியில் இரும்பறுக்கும் வாள் இருந்ததாம்.

"இஞ்சையோ?"

"பின்ன, ரன்வேயிலயோ?"

கார் தரிப்பிடத்தில், பட்டப்பகலில், வண்டியின் பின்தட்டில் வைத்து அறுத்தாள். கண்குழிகளுக்குள் விரலை விட்டு மண்டையோட்டைப் பிடித்தவன் நான். நாற்பது ஆண்டு அரச உத்தியோகம் பார்த்தவன். பெட்டி இழுத்துக்கொண்டு போன ஒருவர் நின்று படம் எடுத்தார். "ஆட்டாதேங்கோ பெரியப்பா!" என்று அவள் இரண்டு முறை கத்தினாள். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. நுனிகளில் தோட்டக் குழாய்த் துண்டுகளைச் செருகினோம். 10.08க்குக் கொம்புகள் ஏற்கப்பட்டன. மண்டையோடு அவளுடன் திரும்பியது. தரிப்பிடக் கட்டணம் 22 டொலர்.

பறந்தது ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். சிட்னியில் இறங்கி, சென்ட்ரலில் ரயில் மாறி, பிளாக்டவுனுக்கு வரும்போது மணி இரண்டு. தம்பி காருடன் நின்றான். நான் அவனிடம் எதையும் முன்பே சொல்லவில்லை. தொலைபேசியை மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் வைத்துவிட்டேன்.

"எஸ்கிக்குள்ள என்ன அண்ணை?"

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவன் காரை எடுக்கவில்லை. இறைச்சியைப் பார்க்கவும் இல்லை. கொம்புகளைச் சுற்றியிருந்த வேட்டியை அவிழ்த்து ஒன்றை எடுத்து, அறுத்த வாயில் பெருவிரலை ஓட்டினான். முப்பது ஆண்டு அலுமாரித் தொழிற்சாலையில் வேலை செய்தவன்.

"இதை ஆர் அறுத்தது?"

"சங்கவி."

"எப்பிடிக் கோணிக் கிடக்குது, பாருங்கோ." தொலைபேசியை எடுத்தான். "பிள்ளை, அப்பா கதைக்கிறன். வாள் பிடிக்க நான் உனக்கு இப்பிடியோ பழக்கினனான்?"

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழாமல் சொல்லு. மற்றக் கொம்பும் இப்பிடித்தானோ?"

கோணியது நான் மண்டையோட்டை ஆட்டியதால். அதை அங்கே சொல்லத் துணிவு வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

போகிறவர்களுக்கு: தலையைக் கொண்டுபோவதென்றால் அவித்தபின் குறைந்தது இரண்டு வாரம் காயவிடுங்கள். சுட்டவரின் அனுமதிப்பத்திரப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். விமான நிறுவனத்திடம் முதலிலேயே கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. இறைச்சி ஆறு மணி நேரத்தின் பின்னும் உறைந்தே இருந்தது.

மேலே பட்டியலில் உள்ள நாலாவது குறிப்பை ஒழுங்கு கருதி, முதலிலேயே எழுதிவிட்டேன். நான் முன்பே கேட்டிருந்தால் தம்பி வேண்டாம் என்றிருப்பான். நானும் வெறுங்கையுடன் வந்திருப்பேன். அந்தக் குறிப்பு பிழை.