மூடுபனிப் பாட்டின் ஏழாவது வரி

எங்கள் எஸ்டேட் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு பாட்டைத் தொடங்குவார்கள். ஏழு பிள்ளைகள், பிள்ளைக்கு ஒரு வரி. மூத்த பிள்ளை “ஒன்னாம் மலையில ஓணான் முட்டை” என்று ஆரம்பிக்கும். அடுத்தது “ரெண்டாம் மலையில ரெட்டைக் கொம்பு” என்று எடுக்கும். அப்படியே போய், கடைசிப் பிள்ளையான என் சின்ன மகள் “ஏழாம் மலையில எங்கூட்டுச் சோறு” என்று முடித்ததும் மறுபடி முதலிலிருந்து.

நீலகிரியில் எங்கள் கிளென்மார்கன் பக்கம் பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. தேயிலைக்குள் காட்டுமாடு நின்றாலும் தெரியாது. பாட்டுச் சத்தம் கேட்டால் மாடு ஒதுங்கிக்கொள்ளும். ஒரு வரி வராவிட்டால், அந்தப் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று மற்றவர்கள் நின்றுவிடுவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, பாட்டோடு சேர்ந்தே வந்த வழக்கம். செல்போனில் எத்தனையோ பாட்டு இருந்தாலும் அந்த வளைவில் டவர் கிடைக்காது. இந்தப் பாட்டுக்கு டவர் வேண்டாம்.

இது எங்கே பிறந்தது என்பதில்தான் குழாயடியில் சண்டை. பக்கத்து வீட்டு அக்கா சிறு வயதில் சிலோனிலிருந்து வந்தவர்.

“இது எங்கட லயத்துப் பாட்டு. எங்கம்மா படிச்சது” என்பார். தோட்டத்து லைன் வீட்டுக்கு அங்கே லயம் என்று பேர்.

“ஏனுங்க அக்கா, அந்த ஓணானும் உங்க கூடக் கப்பல்லயே வந்துச்சுங்களா?” என்று சீண்டுவேன். அன்னூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும்போது பாடியதாக என் அம்மா சொல்லியிருக்கிறார். எந்த ஊராக இருந்தாலும், பிள்ளையைத் தொலைத்துத் தேடிய ஒரு தாய்தான் முதலில் கட்டியிருப்பாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். மேல்காட்டில் மாடுகள் இறங்கியிருப்பதாகக் காவல்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் அக்காவும் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு லைன் வீடுகளின் முனையில் நின்றோம். என் கையில் ஜெபமாலை. எதிரே வெள்ளையாகப் பனி, வேறொன்றும் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து பாட்டு வந்தது. ஏழு வரியும் கேட்டது. “மாதாவே, உமக்கு நன்றி” என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பனியிலிருந்து வெளியே வந்தார்கள். ஆறு பேர்தான் வந்தார்கள்.

“பாப்பா எங்கடி?” என்று பெரிய மகளைக் கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “பின்னாலதாம்மா வந்தா.”

“அவ வரி கேட்டுச்சே?”

“அவளுக்குத் தொண்டை கட்டிருக்குல்ல. நாந்தான் சேத்துப் பாடுனேன்.”

தங்கை மேல் இரக்கப்பட்டுச் செய்ததுதான். நான் பனிக்குள் ஓடப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். “ஓடாத! மாடு மெரண்டா புள்ள மேலதான் பாயும்.”

அப்போதுதான் பாதைக்கு மேலே ‘புஸ்’ என்று ஒரு மூச்சு கேட்டது.

அக்கா பிள்ளைகளை நெருக்கி நிறுத்தினார். “படிங்க. ஏழாவத மட்டும் ஒருத்தரும் எடுக்கப்படாது.”

பிள்ளைகள் ஆறு வரி பாடினார்கள். ஏழாவதற்குக் காத்திருந்தோம். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. வேறு சத்தமில்லை. மறுபடி பாடினார்கள். ஆறாவது வரி முடிந்ததும் தூரத்தில் டக், டக், டக் என்று சோற்று டப்பாவை ஸ்பூனால் தட்டும் சத்தம், அதே தாளத்தில். பிள்ளை இருக்கிறாள்! அவளுக்கும் எங்களுக்கும் நடுவில்தான் அந்த மூச்சும் இருந்தது.

பாட்டு நிற்கவில்லை. என் வாயில் அருள் நிறைந்த மரியேவும் ஓணான் முட்டையும் கலந்து வந்தன. எது எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை. தேயிலைச் செடிகள் முறியும் சத்தம் கேட்டது. கனமான ஏதோ ஒன்று ஓடைப் பக்கமாக இறங்கிப் போனது. அடுத்த முறை ஏழாவது இடத்தில் தட்டும் சத்தம் வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. அக்காவின் பிடி தளர்ந்தது. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

பிறகு, ஒற்றைக் கால் ஷூவோடு அவள் வந்தாள். கையில் டப்பா இருந்தது, ஸ்பூன் இல்லை. என்னிடம் வரவில்லை. நேரே பெரியவளிடம் போய் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

“எம் வரிய நீ ஏண்டி பாடுனே?” குரல் காற்றாகத்தான் வந்தது. “ஷூ சேத்துல மாட்டிக்குச்சு. கத்துறேன், சத்தமே வரல. நீங்க பாட்டுக்குப் போறீங்க!”

பெரியவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து விம்மினாள். நான் இரண்டு பேரையும் அள்ளிக் கட்டிக்கொண்டேன். மாதாவுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொன்னேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பெரியவள் தங்கையைத் தூக்கிக்கொள்ளப் போனாள். சின்னவள் விலகிக்கொண்டாள்.

“நாளைக்கும் தொண்டை சரியாகலைன்னா என்னடி பண்ணுவே?” என்று பெரியவள் கேட்டாள்.

“டப்பாவத் தட்டுவேன். நீ வாய மூடிட்டு வா.”